எஞ்சின் குற்றியின் உறைவுச் செருகிகள்: தெரிவும் பொருத்துதலும்

டீசல் லொறி ஒன்றின் எஞ்சின் குற்றியைப் பக்கவாட்டில் பார்த்தால், வார்ப்பிரும்புச் சுவரில் வட்டமான உலோகக் கிண்ணங்கள் வரிசையாகப் பதிந்திருப்பதைக் காணலாம். இவையே உறைவுச் செருகிகள். நமது கராஜ்களில் இவற்றை வெல்ச் பிளக் என்பர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மோட்டார் வாகனங்களைத் தயாரித்த வெல்ச் சகோதரர்களால் வந்த பெயர் அது.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதைத் தவிர, இலங்கையில் நீர் உறைவதில்லை. அவ்வாறாயின் யாழ்ப்பாணத்தில் ஓடும் லொறிக்கு உறைவுச் செருகி எதற்கு? “நீர் உறையும்போது குற்றி வெடிக்காமல் காப்பதற்கு” என எழுதி முடித்துவிடும் மாணவர் பலர். பெயர் அவர்களை ஏமாற்றிவிடுகிறது.

எஞ்சின் குற்றி மணல் அச்சில் வார்க்கப்படுவது. உருளைகளைச் சுற்றி நீர் செல்லும் வெற்றிடம், அதாவது நீருறை, அமைவதற்காக அச்சினுள்ளே மணலாலான அகணி வைக்கப்படும். அந்த அகணியைத் தாங்கி நிறுத்தவும், வார்ப்பு ஆறிய பின் மணலை வெளியேற்றவும் சுவரில் துளைகள் தேவை. வேலை முடிந்ததும் அத்துளைகளை மூடுவதே செருகியின் முதற்பணி. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% அதிகரிக்கும். அவ்வேளையில் செருகி வெளியே தள்ளப்பட்டுக் குற்றி தப்புவதும் உண்டு. செருகி அசையாமலிருக்கக் குற்றியே வெடிப்பதும் உண்டு. ஆகவே அதை நம்பத்தக்க பாதுகாப்பெனக் கொள்ள முடியாது. குளிர் நாடுகளில் உறைவைத் தடுப்பது குளிர்த்தும் நீருடன் கலக்கப்படும் எதிலீன் கிளைக்கோலே.

நமது நாட்டில் செருகியின் எதிரி துருவே. கதிர்த்தியில் கிணற்று நீரை மட்டும் ஊற்றி ஓடும் லொறிகளில், நீரில் கரைந்த ஒட்சிசனும் உப்புகளும் மெல்லுருக்குச் செருகியை உட்புறமிருந்து அரிக்கின்றன. வெளியே நிறப்பூச்சு நன்றாகவே இருக்கும்; உள்ளே தகடு கடதாசிபோல் மெலிந்திருக்கும். பாரத்துடன் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது அது துளைபட்டால் நீர் விரைவாக வெளியேறிவிடும். நீர்மட்டம் வெப்ப உணரிக்குக் கீழே இறங்கிவிட்டால் மானி உண்மையான வெப்பநிலையைக் காட்டாமலும் போகலாம். சாரதி அறியுமுன் உருளைத்தலை வளைந்து, முசலம் இறுகிவிடும். மிக மலிவான ஒரு தகட்டினால் முழு எஞ்சினும் பழுதாகும் நிலை இது.

புதிய செருகியைத் தெரியும்போது முதலில் பார்க்கவேண்டியது அளவு. பழைய செருகியை அளந்து அதே அளவில் வாங்குவது தவறு. கழற்றும்போது அது நசுங்கியிருக்கும். துளையைச் சுத்தம் செய்து வேணியர் இடுக்கியால் அதன் விட்டத்தை அளந்து, தயாரிப்பாளரின் பாகப் பட்டியலுடன் ஒப்பிடுக. செருகி துளையைவிடச் சிறிதளவு பெரிதாக இருக்கும்; அந்த இறுக்கமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கையால் தள்ளியவுடன் உள்ளே போகும் செருகி அத்துளைக்குரியதன்று.

அடுத்தது உலோகம். மெல்லுருக்கு மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். கறையில் உருக்கு துருவை நன்கு எதிர்க்கும், ஆயினும் கடினமானதாகையால் நேராக அடித்து இறக்குவது சற்றுச் சிரமம். பித்தளை துருப்பிடிக்காது, மென்மையாதலால் துளையுடன் நன்கு பொருந்தும். மேலும் பித்தளையின் நீட்டல் விரிகைத்திறன் பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000019, வார்ப்பிரும்பினது ஏறத்தாழ 0.000011. 50 மி.மீ. விட்டமுள்ள செருகி 60 பாகை சூடேறினால், அது துளையைவிட 50 × 60 × 0.000008 = 0.024 மி.மீ. கூடுதலாக விரிய முற்படும். அதாவது எஞ்சின் சூடாக இருக்கும்போது பிடி மேலும் இறுகும். சாதாரண லொறி ஒன்றுக்குப் பித்தளையே சிறந்த தெரிவு.

அந்தப் பிடி எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும்? கதிர்த்தி மூடி 90 கிலோபஸ்கால் அமுக்கம் வரை தாங்குமெனக் கொள்வோம். 50 மி.மீ. செருகியின் பரப்பளவு ஏறத்தாழ 0.00196 சதுர மீற்றர். எனவே விசை 90 000 × 0.00196, அதாவது ஏறத்தாழ 176 நியூற்றன். இது 18 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமன். துளையில் பழைய துருவோ எண்ணெயோ எஞ்சியிருந்தால் செருகி ஏன் கழன்று விழுகிறது என்பது இப்போது விளங்கும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். சூடான கதிர்த்தியின் மூடியைத் திறப்பது முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். நீரை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுக்கவும். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நிலத்தில் தேங்கினால் நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும். பின்னர் பழைய செருகியின் ஓர் ஓரத்தை உளியால் மெதுவாகத் தட்டினால் மறு ஓரம் வெளியே திரும்பும். குறட்டால் பிடித்து இழுக்கலாம். முழுச் செருகியும் நீருறைக்குள் விழாமல் பார்த்துக்கொள்க. துளையின் சுவரை மெல்லிய அரத்தாளால் துடைத்து, அடைப்புப் பசையை மெல்லிய படையாகப் பூசுக. தடிப்பாகப் பூசினால் மீதி உள்ளே சென்று நீர்வழியை அடைக்கும்.

கிண்ண வகைச் செருகியின் திறந்த பக்கம் வெளியே இருக்கவேண்டும். கிண்ணத்தினுள் இலகுவாக அமரும் தட்டையான உருளைத் துண்டொன்றை வைத்து, அதன்மேல் சுத்தியலால் அடிக்கவும். விளிம்பில் நேரடியாக அடித்தால் அது வளைந்து கசியும். கிண்ணத்தின் விளிம்பு துளைவாயின் சரிவுக்குச் சற்று உள்ளே சென்றதும் நிறுத்துக. செருகி சரிந்து போயிருந்தால் தட்டி நேராக்க முயலாமல் வேறொன்றைப் போடுவதே நல்லது. குவிந்த தட்டு வகையில் முறை வேறு: குவிந்த பக்கத்தை வெளியே வைத்து நடுவில் அடிக்கும்போது தட்டுத் தட்டையாகி விட்டம் பெருத்து இறுகும். உட்குழியும் வரை அடித்தால் பிடி மீண்டும் தளர்ந்துவிடும்.

பல எஞ்சின்களில் குற்றியின் பின்புறத்திலும், பறப்புச் சில்லுக்குப் பின்னே, ஒரு செருகி மறைந்திருக்கும். அதை மாற்றக் கியர்ப் பெட்டியையும் கிளச்சையும் கழற்ற வேண்டும். ஆதலால் கிளச் வேலைக்காகக் கியர்ப் பெட்டி இறக்கப்படும் நாளிலேயே அதையும் மாற்றிவிடுவது அனுபவமுள்ள திருத்துநரின் வழக்கம்.

பொருத்திய பின் அரிப்புத் தடுப்புச் சேர்ந்த குளிர்த்தும் திரவத்தை நிரப்பி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, எஞ்சினை வேலைசெய் வெப்பநிலை வரை ஓடவிடுங்கள். ஆறிய பின் ஒவ்வொரு செருகியின் கீழும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் அச்செருகியை மீண்டும் கழற்றி மாற்ற வேண்டும்.