வெறுங்காலும் நரம்பு வலியும்

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுக்குள் வராமல் நீடிக்கும்போது நரம்பு இழைகளும் அவற்றுக்கு ஊட்டம் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சேதமடைகின்றன. உடலிலேயே மிக நீளமானவை பாதம்வரை செல்லும் நரம்புகள் என்பதால், பாதிப்பு பெரும்பாலும் கால்விரல் நுனிகளில் தொடங்கி இரு கால்களிலும் மெல்ல மேலேறுகிறது. எரிச்சல், சுருக்சுருக்கென்ற குத்தல், மதமதப்பு, போர்வை பட்டாலே தாங்க முடியாத கூச்சம் எனப் பலவாறு தோன்றி, இரவில் கூடுதலாக வருத்தும் இந்நிலை நீரிழிவு நரம்புநோய் எனப்படுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்த நரம்புப் பாதிப்பு தொடக்கூடும்.

இத்தகையோருக்கு உலகெங்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை, வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது என்பதாகும். ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில், உராய்வும் நிலைமின்சாரமும் பொறியை எழுப்பிவிடக்கூடும் என்பதால், வெடிமருந்து கையாளும் அறைகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதே வழக்கம். அந்த விதியை மீறச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகிவிடும். எனினும் பாதத்திற்கான ஆபத்து பெருமளவு அறைக்கு வெளியேதான் காத்திருக்கிறது: பாதுகாப்பு கருதி ஒன்றுக்கொன்று விலக்கிக் கட்டப்பட்ட அறைகளுக்கு இடையே சித்திரை வெயிலில் கொதிக்கும் தரையும், கரிசல் காட்டுச் சீமைக்கருவேல முள்ளும் உள்ளன. எனவே, ஆணி இல்லாத மென்மையான செருப்பை அறை வாசலிலேயே வைத்து, வெளியே கால் வைக்கும்போதெல்லாம் அணிவது இங்குப் பொருந்தும் ஏற்பாடாகும். குழாய் உருட்டுவோரும் திரி வைப்போரும் மணிக்கணக்கில் சம்மணமிட்டே இருக்கும்போது முழங்காலின் வெளிப்புறத்தை ஒட்டிச் செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறது. ஏற்கெனவே நலிந்த நரம்பு அவ்வழுத்தத்தை எளிதில் தாங்காது என்பதால், அவ்வப்போது காலை நீட்டி அமர்வது அவசியம்.

வலியைவிட அது மறைந்து உணர்வற்றுப் போவதே அஞ்சத்தக்கது என்பதைத் தமிழகத்து மருத்துவ வரலாறே உணர்த்துகிறது. 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அன்று, வலி உணராத பாதத்தில் அதே இடம் திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதால்தான் என்று காட்டினார். அந்தப் படிப்பினையே பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. தொழுநோயாளிகளுக்கென வந்த, நுண்ணறை ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டாரைக் கொண்டோ பார்ப்பது தோல் சொல்லத் தவறுவதைக் கண்ணால் அறிவதற்காகத்தான். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், ஆனால் விரலிடுக்கில் கூடாது. கால்ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டைகளும், எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடமும் உணர்விழந்த காலைப் புண்ணாக்கிவிடும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடப்போரும் விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுப்போரும் நேர்ந்துகொள்வதற்கு முன் பாதப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. செருப்பணிந்து நடப்பதை மாரியம்மன் குற்றமாகக் கொள்வாள் என்று தோன்றவில்லை.

வலியைத் தணிப்பதற்கு அடிப்படை சர்க்கரைக் கட்டுப்பாடே. எனினும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை மிக வேகமாகக் குறைத்தால் சிலருக்கு வலி தற்காலிகமாகக் கடுமையாவதும் உண்டு. அதற்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதுவும் நரம்பை நலிவடையச் செய்யலாம் என்பதால் அதையும் சோதிக்கச் சொல்வது தகும். அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்றவை நரம்பு வலிக்கென்றே தரப்படுபவை. இவை தூக்கக் கலக்கம் தரக்கூடும் என்பதால், தாம் வெடிமருந்தோடு வேலை செய்பவர் என்பதைத் தொழிலாளி மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். கடையில் வாங்கி விழுங்கும் சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்குப் பெரிதும் உதவுவதில்லை. சிறுநீரகத்திற்குக் கேடும் செய்யலாம். விருதுநகர்ச் சந்தைக்குப் பெயர் தந்த மிளகாய் வத்தலின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பும் மருத்துவத்தில் உண்டு. அதற்காக வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் வெந்துவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கிடைத்துவிட்டதென்று பாதத்தை யாரிடமும் காட்டாமல் இருந்துவிடும் பழக்கம் இதனால் வளர்ந்துவிடக் கூடாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சியை அறியும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கொரு முறையேனும் அதைச் செய்துகொள்ள, தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் வாரங்கள் வாய்ப்பானவை. ஆனால் ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, வலி சிறிதும் இல்லாவிட்டாலும் அந்த விடுமுறைக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.