அடுத்த தெரு நண்பனுக்கு மும்பை வழியாக

'ஆந்தம்' ஆட்டத்தின் சர்வர்களை 2026 ஜனவரி 12-ஆம் தேதி அணைக்கப்போவதாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அறிவித்தாலும் அறிவித்தது, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருக்க, ஆட்டம் மட்டும் எப்படிச் செத்துப்போகும் என்கிறார் பெருங்களத்தூர் வாசகர். மத்திய அரசின் புதுச் சட்டம்தான் காரணமா என்கிறார் இன்னொருவர். சேலையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தீர்ப்பே எழுதி அனுப்பிவிட்டார்: "டெடிகேட்டட் சர்வரே வேண்டாம் சார். பியர் டு பியர் போதும், நம்ம வீட்டு நெட்டிலேயே ஓடும்." அதிக இடம் இந்தக் கடைசிக் கடிதத்துக்குத்தான்.

பிங், லேக் என்றால் என்ன என்று இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டெடிகேட்டட் சர்வர் என்பது நிறுவனம் வாடகை கட்டும்வரை உயிரோடிருக்கும் கணினி. பியர் டு பியர் என்பது அந்த வாடகையை ஆடுபவர் தலையில் கட்டும் ஏற்பாடு. பெரும்பாலும் ஆடுபவர்களில் ஒருவருடைய கணினியோ கன்சோலோ ஹோஸ்ட் ஆகிவிடும். ஹோஸ்டுக்குப் பிங் கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. அவர் சுட்டது உடனே பதிவாகும், நீங்கள் சுட்டது பயணம் போய்த்தான் பதிவாகும். 2009-ல் 'மாடர்ன் வார்ஃபேர் 2' கணினிப் பதிப்பிலிருந்து டெடிகேட்டட் சர்வர் வசதியை எடுத்தபோது, ஆட்டக்காரர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள், பலனில்லை. 2017 பிப்ரவரியில் பியர் டு பியரில் வெளிவந்த 'ஃபார் ஹானர்' ஒரு வருடம் வசவு வாங்கிய பிறகு டெடிகேட்டட் சர்வருக்கு மாறியது.

ஆனால் சேலையூர்க்காரருக்கு அதற்கு முன்பே வேறொரு தடை இருக்கிறது. அவரும் ராஜகீழ்ப்பாக்கத்து நண்பரும் ஒரே கேபிள்காரரிடம் பிராட்பேண்ட் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சொந்தமாக ஐபி முகவரி இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். உலகிலுள்ள ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிட்டுத் தரும் ஏபிநிக் அமைப்பின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கிறார்கள். கேரியர் நாட் என்று பெயர். மாத பில்லில் இந்தச் சொல்லைத் தேடாதீர்கள், இருக்காது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து 'வான் ஐபி' என்ற வரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த வரிசை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

சானடோரியம் பக்கம் இருக்கும் மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் யாருக்கு ஆள் அனுப்பினாரோ அவரிடமிருந்து வரும் பதிலை மட்டும்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். முன்பின் தெரியாதவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே இரண்டு பக்கமும் வாட்ச்மேன். யார் முதலில் போனாலும் கேட்டோடு சரி.

இதைத் தாண்டப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி அபாரமானது. இருவரும் முதலில் நிறுவனத்தின் மேட்ச்மேக்கிங் சர்வரோடு பேசுகிறார்கள். யார் எந்த முகவரியில், எந்த போர்ட்டில் வெளியே தெரிகிறார்கள் என்று அது குறித்துக்கொண்டு, இவருடையதை அவரிடமும் அவருடையதை இவரிடமும் தருகிறது. உடனே இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பாக்கெட் அனுப்புகிறார்கள். முதல் பாக்கெட் எதிர்ப்பக்கத்து வாட்ச்மேனிடம் அடிபட்டு விழலாம்; விழட்டும். அது போய்ச்சேர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தன் பக்கத்து வாட்ச்மேனின் நோட்டில் எதிராளியின் பெயரை ஏற்றுவதுதான் அதன் வேலை. பெயர் ஏறிவிட்டால் அடுத்து வரும் பாக்கெட்டுக்கு வழி கிடைத்துவிடும். ஹோல் பஞ்சிங் என்கிறார்கள்.

இது சறுக்கும் இடங்கள் இரண்டு. சில நாட் கருவிகள் வெளியே பேசும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு போர்ட் எண்ணைக் காட்டும். மேட்ச்மேக்கிங் சர்வர் குறித்துக்கொண்ட எண் நண்பருக்குச் செல்லாது. கன்சோலில் 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். இரண்டாவதுதான் எரிச்சல். இருவரும் ஒரே கேரியர் நாட் கருவிக்குப் பின்னால் இருந்தால், பாக்கெட் அந்தக் கருவிவரை போய் அங்கேயே திரும்பி உள்ளே வர வேண்டும். நாட் கருவிகள் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2007-லேயே எழுதிவிட்டது. எழுதியபடி நடக்காத கருவிகளுக்குக் குறைவில்லை. ஆக, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனோடு நேரடியாக ஆடலாம், அடுத்த தெரு நண்பனோடு முடியாது என்ற கூத்தும் நடக்கும்.

அப்போது பல ஆட்டங்கள் சத்தமில்லாமல் ரிலே சர்வருக்கு மாறிவிடும். அது மும்பையில் இருந்தால், சேலையூரிலிருந்து மும்பை போய் ராஜகீழ்ப்பாக்கம் திரும்பி, பதிலும் அதே வழியில் வரும்போது நேர்கோட்டுக் கணக்கிலேயே 4,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக 20 மில்லிசெகண்ட் அங்கேயே போயிற்று. கேபிள் சுற்றும் ரூட்டர் தாமதமும் தனி. ஆட்ட விவரத்தில் பியர் டு பியர் என்றுதான் இருக்கும்! வால்வ் நிறுவனத்தின் ரிலேக்கள் சென்னையிலும் இருப்பதால் ஸ்டீம்காரர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டெடிகேட்டட் சர்வரும் நமக்குப் பக்கத்தில் இல்லை. 'வாலரன்ட்' ஆட்டத்தின் இந்திய சர்வர்கள் மும்பையில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போனால் வரும் சிறுசேரியில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன; அதனால் நம் பிங் குறையும் என்று யாராவது சொன்னால், எந்த ஆட்டத்தின் சர்வர் அங்கே வந்திருக்கிறது என்று கேளுங்கள். சென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு: 2002 முதல் சிங்கப்பூருக்கு நேரடிக் கடலடி கேபிள் இருக்கிறது. இணைய நிறுவனம் போக்குவரத்தை மும்பைக்குச் சுற்றிவிடாமல் இருந்தால், சிங்கப்பூர் சர்வர் டெல்லிக்காரருக்கு இருப்பதைவிட நமக்குப் பக்கம்.

சரி, பியர் டு பியர் ஆட்டம் சாகாதா? சாகும். அறிமுகம் செய்துவைக்கும் சர்வர் நிறுவனத்துடையது. 2014 மே 31-ல் கேம்ஸ்பை தன் சேவையை நிறுத்தியபோது, பல ஆட்டங்களில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டது. 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6' இன்றும் ஓடுகிறதென்றால், சர்வர் மென்பொருளே ஆடுபவர் கையில் இருப்பதால்தான். பிரவுசிங் சென்டர்களில் நெட்டே இல்லாமல் லேனில் ஆடியது அப்படித்தான்.

ஆந்தம் டிஸ்க்? ஜனவரி 12-க்குப் பிறகு அலமாரிக்குத்தான்.

புதுச் சட்டம்? 2025 ஆகஸ்ட் 22-ல் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம் தடை செய்வது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'கேமிங் பிளான்' வாங்கலாமா? பப்ளிக் ஐபி தருவார்களா என்று கேட்டு, தருகிறோம் என்றால் மட்டும்.

ஐபிவி6? ரூட்டர், ஆட்டம், எதிராளி மூன்றும் அதைப் பேசினால் தொல்லையில் பெரும்பகுதி தீரும். பல ஆட்டங்கள் பேசுவதில்லை.

என் ஐபி எதிராளிக்குத் தெரியுமா? நேரடி இணைப்பில் தெரியும், ரிலேயில் தெரியாது.

வைஃபையா, வயரா? வயர்.