‘காட் இட்’டா, ‘அண்டர்ஸ்டுட்’டா? ‘புரிஞ்சுது’ என்று சொல்வதில் இவ்வளவு இருக்கா?

இரவு 9 மணி. மேனேஜரிடமிருந்து மெசேஜ்: ‘ரிப்போர்ட் நாளை காலை 10 மணிக்குள் வேண்டும், புது ஃபார்மட்டில்.’ பதிலுக்கு ‘காட் இட்’ என்று டைப் செய்கிறார் ஒரு ஊழியர். ரொம்ப கேஷுவலா இருக்கோ? அழிக்கிறார். ‘அண்டர்ஸ்டுட்’? ராணுவத்துல பேசுற மாதிரி இருக்கே! கடைசியில் ஒரு கட்டைவிரல் எமோஜியோடு முடித்துவிடுகிறார்.

பலருக்கும் பழகிய குழப்பம்தான் இது. ஆனால், மரியாதை மட்டுமே இங்கே பிரச்சினை இல்லை. ‘தகவல் கிடைத்தது’, ‘புரிந்தது’, ‘ஏற்றுக்கொள்கிறேன்’ ஆகிய மூன்றும் வேறு வேறு. எந்தச் சொல் எதைச் சொல்கிறது?

யாருக்கு எது?

காட் இட்: தினமும் பேசும் சக ஊழியர், டீம் லீடருக்குத் தாராளமாக அனுப்பலாம். இதையே ‘ஐ காட் இட்’ என்று அழுத்திச் சொன்னால், ‘புரிஞ்சுது, விடுங்க’ என்ற எரிச்சல் தொனி வந்துவிடும்.

காட்ச்சா: நண்பர்களுக்கு மட்டும். ‘மாட்டிக்கிட்டியா!’ என்ற அர்த்தமும் இதற்கு உண்டு.

அண்டர்ஸ்டுட்: உத்தரவு, விதிமுறைகளுக்குப் பொருத்தமான ஃபார்மல் பதில்.

நோட்டட்: ‘குறித்துக்கொண்டேன்’ என்பதோடு சரி. சம்மதம் என்று அர்த்தமில்லை. தனியாக அனுப்பினால் விறைப்பாகத் தெரியலாம். ஒரு ‘தேங்க்ஸ்’ சேர்த்தால் போதும்.

மேக்ஸ் சென்ஸ்: சொன்னதன் காரணமும் நியாயமாகப் படுகிறது என்று அர்த்தம்.

பாயின்ட் டேக்கன்: தவறைச் சுட்டிக்காட்டும்போது, அதை ஏற்றுக்கொள்ளும் பதில்.

‘ஐ அண்டர்ஸ்டுட்’ சரியா?

தமிழில் இப்போதுதான் புரிந்தாலும் ‘புரிஞ்சுது’ என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஐ அண்டர்ஸ்டுட்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இது, முன்பு எப்போதோ புரிந்ததைச் சொல்வது போலக் கேட்கும். இந்த நேரத்தில் புரிகிறது என்றால் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ அல்லது ‘ஐ’ இல்லாமல் வெறும் ‘அண்டர்ஸ்டுட்’ போதும்.

ஒரு ‘ஓகே’ செய்த குழப்பம்

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. கேஎல்எம் விமானத்தின் துணை விமானி, புறப்படும் நிலையில் இருப்பதாக ரேடியோவில் சொல்ல, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ‘ஓகே’ என்று பதில் வந்தது. ‘காத்திருங்கள்’ என்று அடுத்து சொன்னது, இன்னொரு ரேடியோ அழைப்பு குறுக்கிட்டதால் தெளிவாகக் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் விமானம், ஓடுபாதையிலேயே இருந்த பான் ஆம் விமானத்தில் மோத, 583 பேர் உயிரிழந்தனர். விபத்துக்குப் பல காரணங்கள்; தெளிவில்லாத அந்த உரையாடலும் அவற்றில் ஒன்று.

விமானத் துறையில் இன்று ‘ரோஜர்’ என்றால் ‘நீங்கள் சொன்னது முழுவதும் கிடைத்தது’ என்பது மட்டுமே. ‘அப்படியே செய்கிறேன்’ என்பதற்குத் தனியாக ‘வில்கோ’ இருக்கிறது. ஓடுபாதைக்குள் நுழைவது, புறப்படுவது போன்ற முக்கிய அனுமதிகளுக்கு இவை இரண்டுமே போதாது. கேட்டதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அப்போ என்னதான் அனுப்புவது?

ஆபீஸுக்கும் அதே வழி கைகொடுக்கும்: ‘காட் இட். காலை 10 மணிக்குள், புது ஃபார்மட்டில் அனுப்பிவிடுகிறேன்.’ தொடக்கத்தில் ‘காட் இட்’ இருந்தாலும் ‘அண்டர்ஸ்டுட்’ இருந்தாலும் மேனேஜருக்குப் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஃபார்மட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மட்டும் இரவே தெரிந்துவிடும். கட்டைவிரல் எமோஜியில் அது தெரியாது.