பனிமலைக்குப் புறப்படுமுன்...

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மார்கழி மாதக் காலையில் போர்வையை விலக்கி எழுவதே நம் ஓசூர் மாணவர்க்குப் பெரும்பாடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. 'குட்டி இங்கிலாந்து' என்று வெள்ளையர் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். ஆயினும் இங்கே பனி என்றால் புல்நுனியில் நிற்கும் துளிதான். காலடியில் நொறுங்கும் உறைபனியை நம்மில் பலர் திரைப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அப்படியிருக்க, பனிச்சறுக்குப் பயணத்துக்கு மூட்டை கட்டுவது பற்றி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலை ஒன்றின் மீது மாபெரும் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். அந்நால்வரில் ஒருவர், சிப்பாய் ராமமூர்த்தி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர். பனியே பெய்யாத மாவட்டத்திலிருந்து சென்ற பிள்ளை பனிக்குள் உயிர் நீத்தார். எனவே பனி நமக்குத் தொலைவான பொருள் அன்று. நம் கல்லூரித் தேசிய மாணவர் படையிலிருந்து மலையேற்றப் பயிற்சிக்குச் செல்ல விரும்புவோரும் உண்டு. சிப்காட் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்ததும் விடுமுறைக்கு மணாலி, குல்மார்க் என்று கிளம்பும் அண்ணன்மாரும் உண்டு. இவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

எது பனிச்சறுக்குப் பயணம்?

பனிச்சறுக்கு இருவகைப்படும். ஒன்று, கம்பி வண்டியில் மேலே சென்று, சீர் செய்யப்பட்ட பாதையில் சறுக்கி இறங்குவது. உத்தரகண்டின் ஆலியிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும் பெரும்பாலோர் கற்பது இதுதான். மற்றொன்று, பாதையோ காவலரோ இல்லாத மலைச்சரிவில் தம் காலாலேயே ஏறி, பின் சறுக்கி இறங்குவது. மூட்டை கட்டும் கலை முழுமையாகத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான். அங்கே கடை இல்லை, மருத்துவமனை இல்லை, மறந்ததை எடுத்துவர வழியும் இல்லை.

சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தந்தையார் இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் அடையாள அட்டை, சாப்பாட்டுத் தூக்கு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். "கேட்டைத் தாண்டிவிட்டால் கையில் இருப்பதுதான் கணக்கு" என்பது அவர் வழக்கமான சொல். பனிமலைக்கும் அதே விதிதான்.

உடை: பருத்தி பகை

சென்ற ஆண்டு டிசம்பரில் நண்பர்கள் சிலர் இராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு விடியற்காலையில் ஏறினோம். ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. உச்சியில் நின்றதும் காற்று வீசியது. நனைந்த பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அந்த ஈரம் நம் உடல் வெப்பத்தைத் திருடும். இராயக்கோட்டையில் அது வெறும் நடுக்கம். பனிமலையில் அதுவே உயிருக்கு ஆபத்து.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். குல்மார்க்கின் கம்பி வண்டி ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. உயரக் கணக்கில் மட்டும் ஓசூரைவிட இருபது டிகிரி குறைவு. வடக்கத்திய குளிரும் காற்றும் வேறு. ஆகவே உடை மூன்று அடுக்காக இருக்க வேண்டும். தோலை ஒட்டி, வியர்வையை வெளியேற்றும் கம்பளி அல்லது செயற்கை இழைப் பனியன். அதன்மேல் சூட்டைக் காக்கும் கம்பளி உடை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலுறை. நிற்கும்போது போர்த்திக்கொள்ள இறகு நிரப்பிய தடித்த கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். கையுறை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை மாற்று ஜோடி, காது மூடும் குல்லாய் ஆகியவை கட்டாயம். ஒரு கையுறை காற்றில் பறந்துவிட்டால் விரலே போகலாம் என்பதால்தான் இரண்டு ஜோடி.

கறுப்புக் கண்ணாடி அழகுக்கு அன்று. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கண்ணாடி இன்றிச் சில மணி நேரம் நடந்தாலே கண்ணில் மணல் கொட்டியது போல எரிந்து பார்வை மங்கும்.

ஏறும் கருவி

சறுக்குப் பலகையோடு மேல்நோக்கி எப்படி நடப்பது? அதன் அடியில் 'ஸ்கின்' எனப்படும் பட்டையை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் கடல்நாய்த் தோலால் செய்ததால் வந்த பெயர். இன்று ஆட்டு உரோமத்தாலும் நைலானாலும் செய்கிறார்கள். மாட்டின் முதுகைத் தலையிலிருந்து வால்வரை தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் குத்திட்டு நிற்கும். அதே தத்துவந்தான். பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். இறங்கும்போது அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டின் திருகு ஒன்று கழன்றாலும் இடுப்பளவு பனியில் நடந்தே திரும்ப நேரும். ஆகவே திருப்புளி, சிறு குறடு, கட்டுக்கம்பி, ஒட்டு நாடா அடங்கிய கைப்பொட்டலம் தேவை. தொழிற்பேட்டை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

உயிர்காக்கும் மூன்று

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்பும் சாய்வும் ஏறத்தாழ அதுவே. ஆபத்தும் ஆசையும் ஒரே சரிவில் குடியிருக்கின்றன. 2023 பிப்ரவரி 1-ஆம் நாள் குல்மார்க்கின் அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ஆம் நாள் குல்மார்க் மலையில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் பனிச்சரிவில் மாண்டனர். இரு முறையும் உடன் சென்றோர் மீட்கப்பட்டனர்.

பனியில் முழுதும் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பத்தில் மூவரே. கீழிருந்து உதவி வந்து சேர அரை மணி போதாது. அப்படியானால் காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர்தான். அவரிடம் மூன்று பொருள் இருக்க வேண்டும்.

முதலாவது, டிரான்சீவர். இது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இடைவிடாது சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி. நம் வீட்டு வானொலியின் மத்திய அலைவரிசை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள அலைவெண். நண்பர் புதைந்தால் மற்றவர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, சமிக்ஞை வலுக்கும் திசையில் செல்வர். இதைப் பையில் வைக்கலாகாது. சரிவு பையைப் பிய்த்துக்கொண்டு போகும். மேலுறைக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியும் வைப்பது விதி. மின்காந்தக் குறுக்கீடு வழிதவறச் செய்யும். புறப்படுமுன் ஒவ்வொருவர் கருவியும் இயங்குகிறதா என்று குழுவாகச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, துழாவுகோல். மடக்கி நீட்டக்கூடிய, மூன்று மீட்டர் அளவுள்ள மெல்லிய கம்பு. எந்த ஆழத்தில் ஆள் இருக்கிறார் என்பதைக் குத்திப் பார்த்து அறிய உதவும்.

மூன்றாவது, உலோக மண்வாரி. சரிந்து நின்ற பனி சிமெண்டுபோல் இறுகிவிடும். கையால் பறிக்க முடியாது. பிளாஸ்டிக் மண்வாரி உடையும்.

இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா. குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதும் என்பதும் தவறு. அவரே புதைந்துவிட்டால்?

உணவும் நீரும்

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி எளிதில் வேகாது. நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் அங்கே கிண்டி முடியாது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வறுத்த முந்திரி ஆகியவை கையுறையோடு எடுத்து உண்ணத்தக்கவை; குறைந்த எடையில் மிகுந்த ஆற்றல் தருபவை. தாகத்துக்குப் பனியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால், அதை உருக்கவே உடல் தன் வெப்பத்தைச் செலவிடும். வெந்நீர்க் குடுவை ஒன்று உடன் இருப்பதே அறிவுடைமை.

அடுக்கும் முறை

தூங்கும் பை அடியில். கனமான பொருள் நடுவில், முதுகெலும்பை ஒட்டி. மேலுறை, உணவு, நெற்றி விளக்கு, முதலுதவிப் பொட்டலம் மேலே. மண்வாரியும் துழாவுகோலும் தனிப் பையறையில் இருக்க வேண்டும். இழுத்தால் உடனே வர வேண்டும். விளக்கு மின்கலங்கள் குளிரில் சோர்ந்துவிடும். உபரி மின்கலங்களைச் சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். அடுப்பின் எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுசெல்ல இயலாது. அங்கே சென்று வாங்குவதே வழி. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதி இன்றி நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நூல்களில் உள்ள பட்டியலை அப்படியே பின்பற்றி இதில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

பையில் அடங்காதவை

சியாச்சினில் புதைந்த பதின்மரில், கர்நாடகத்து தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் சுமார் 25 அடி ஆழத்திலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது, ஆயினும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வளவு பெரிய சரிவின் முன் எந்த மூட்டையும் துணை நில்லாது. அவ்வீரர்கள் கடமையின்பொருட்டு அங்கே நின்றார்கள். விருப்பத்தின்பொருட்டுச் செல்லும் நமக்கோ திரும்பிவிடும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரிவதே முதற்கருவி.

எனவே பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தபின் கிளம்புங்கள். 3,000 மீட்டருக்கு மேல் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் தங்குமிடத்தை உயர்த்துங்கள். தலைவலியும் வாந்தியும் மிகுந்தால் இறங்குவதே மருந்து. செல்லும் வழி, திரும்பும் நேரம், உடன் வருவோர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். இது பனிக்கு மட்டும் உரிய பாடம் அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் மறக்கலாகாது. யானைகள் உலவும் நம் அஞ்செட்டிக் காட்டுக்குள் செல்வதாயினும் வனத்துறை அனுமதி வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புவோர்க்கு வழி உண்டு. டார்ஜிலிங்கில் 1954-இலும், உத்தரகாசியில் 1965-இலும் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இன்றும் அடிப்படைப் பயிற்சி தருகின்றன. முதலாவதில் எவரெஸ்ட் வீரர் டென்சிங் களப்பயிற்சி இயக்குநராக இருந்தார். விலையுயர்ந்த கருவிகளை அத்தகைய நிறுவனங்களே பயிற்சிக் காலத்தில் தருவதால், ஏழை மாணவரும் தயங்க வேண்டியதில்லை. நம் தேசிய மாணவர் படை அலுவலரை அணுகினால் விவரம் கிடைக்கும்.

நண்பர்களே! மூட்டை கட்டுவது சிறு வேலையாகத் தோன்றும். ஆனால் அந்த மண்வாரி நமக்காக நாம் சுமப்பது அன்று. பக்கத்தில் வரும் நண்பனுக்காகச் சுமப்பது. அவன் சுமப்பது நமக்காக. இதை உணர்ந்து பையை அடுக்குபவனே பனிமலைக்குப் புறப்படத் தகுதி பெற்றவன்.