வீதியில் கிடக்கும் ஜல்லியில் கார் மோதினால்?

வீட்டு வேலைக்கு இறக்கிய ஜல்லியும் எம்சாண்டும் நம் வீதிகளில் வாரக்கணக்கில் கிடக்கின்றன. இருட்டில் கார் மோதினால், "மேஸ்திரி கொட்டினார்" என்று வீட்டுக்காரர் எளிதில் நழுவ முடியாது. தம் வசமுள்ள பொருளைப் பொதுவழியில் ஆபத்தாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 285ஆம் பிரிவுப்படி 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் 200 ரூபாய்தான்!

இழப்பீடு தனி. நிறுத்திய டிராக்டர் டிரெய்லரில் மோதினால், அது மோட்டார் வாகனம். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். ஜல்லிக் குவியலுக்கு ஏது இன்சூரன்ஸ்? சிவில் கோர்ட் தீர்ப்பானால் கைப்பணம்தான். கார்க்காரர் வேகமாக வந்திருந்தால் அவர் பங்குக்குத் தொகை குறையும், அவ்வளவே.

ஹனஃபி ஃபிக்ஹிலும், பொதுவழியில் கல்லோ கட்டையோ போட்டவரே சேதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இறக்கியே தீர வேண்டுமென்றால் நகராட்சியில் அனுமதி கேளுங்கள். மஃரிபுக்கு முன் சிவப்பு விளக்கு வையுங்கள்.