வாழ்ந்தவர்களுக்கும் வரலாறு உண்டு

நம் சேரி இடுகாடுகளில் பெயர் பொறித்த கல்லைப் பார்ப்பது அரிது. புதைத்த மண்மேடு இரண்டு மழைக்காலத்தில் அமுங்கிவிடும். பேரன் தலையெடுப்பதற்குள் அதே இடத்தில் இன்னொரு குழி வெட்டப்படும். பாட்டன் எங்கே படுத்திருக்கிறான் என்று கேட்டால், "அந்தப் புளியமரத்துக்குக் கிழக்கே" என்று கை நீட்டுகிறவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான்.

இறந்தவரை நினைக்கத் தெரியாத மண் அல்ல இது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளைச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல் ஒன்று, ஆநிரை கவரும் சண்டையில் மாண்ட ஒருவர் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயரைப் படிக்க முடிகிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் நம் கண்மாயில் மடை திறந்தவரின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

நமக்கும் நினைவிடங்கள் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனுக்குப் பரமக்குடியில் ஆண்டுதோறும் மக்கள் திரள்கிறார்கள். 1997 ஜூன் 30 அன்று வெட்டப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் மாண்ட ஐவரையும் மேலவளவு மறக்கவில்லை. இந்த நாள்களில் கூடத்தான் வேண்டும்.

ஆனால் கொல்லப்பட்டால்தான் நமக்கு வரலாற்றில் இடமா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானப் பாதை அடைபட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. அவர் என்ன வேலை செய்தார், எதற்குச் சிரிப்பார், பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தார் என்பதை எத்தனை பேர் கேட்டோம்? உடல் இறங்கிய விதம் மட்டும் நினைவில் நிற்கிறது. அவர் வாழ்ந்த விதம் நிற்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். 1939இல் தம் வாழ்க்கையைத் தாமே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று எழுதி வெளியிட்டார். 1945இல் மறைந்தார். அவர் எழுதி வைத்ததால் நாம் படிக்கிறோம். எழுத வாய்க்காதவர்களுக்காகப் படித்த பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

யாரை எழுதுவது? ஊர் முழுக்கப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியை எழுதுங்கள். பண்ணையில் சாணிப்பாலும் சவுக்கடியும் பட்டவரை, பறையடிக்க மாட்டேன் என்று முதலில் சொன்னவரை, முதன்முதலில் பத்தாம் வகுப்புத் தேறியவரை எழுதுங்கள். மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இங்கு வந்து சேர்ந்த பாட்டியை எழுதுங்கள். இவர்கள் இல்லாமல் ஊர் வரலாறு இல்லை.

அரசுப் பதிவேடு இதைச் செய்யாது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கிராமத்தில் நிர்வாக அலுவலரே பதிவாளர். பெயர், வயது, தேதி அங்கே கிடைக்கும். கிறிஸ்தவர்களாக இருந்தால் பங்கின் அடக்கப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்ற ஒரு சொல்லோடு ஓர் ஆயுள் முடிந்துவிடும். மீதியை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் குழி வெட்டுகிறவரிடம் போங்கள். சாதி அவர் தலையில் சுமத்திய வேலை அது. ஆனாலும் யார் எங்கே என்ற வரைபடம் அவர் நெஞ்சில்தான் இருக்கிறது. மரம், ஓடை, பாறை ஆகியவற்றை அடையாளமாக வைத்து அவர் சொல்லச் சொல்ல வரைந்துகொள்ளுங்கள். அடுத்து ஒப்பாரி பாடும் பெண்களிடம் போங்கள். இறந்தவரின் பிறந்த ஊர், பட்ட பாடு, வாங்கித் தந்த வளையல் வரை ஒப்பாரியில் வந்துவிடும்.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் விழிப்பார்கள். "எம்.ஜி.ஆர். செத்ததற்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், 1987 பிடிபடும். தனுஷ்கோடி புயலைக் கேட்டால் 1964, சுனாமியைக் கேட்டால் 2004. பெயரையும் ஒன்றோடு விடாதீர்கள். ஆண்டை கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும், தாய் வைத்த பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள், தாய் வைத்ததை முதலில் எழுதுங்கள்.

ஒருவருக்கு ஒரு பக்கம் போதும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொன்னது என்று குறித்து இரண்டையும் வையுங்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் கைப்பேசியில் பரப்பாதீர்கள். தற்கொலை, நோய், கடன் என்று வீட்டார் மறைக்க நினைப்பதைத் தோண்டாதீர்கள். முடித்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். ஒரு படி வீட்டுக்கு, ஒரு படி பள்ளிக்கு, ஒரு படி ஊர்ப்புற நூலகத்துக்கு.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. நம் இடுகாடுகள் வரப்பு வரப்பாகக் கரைகின்றன. பக்கத்து வயல்காரர் ஆண்டுக்கு ஓர் ஏர் உள்ளே வருவார். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அந்த இடம் மயானம் என்று இருக்கிறதா, புல வரைபடத்தில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு இன்னார் இன்ன ஆண்டில் இங்கே புதைக்கப்பட்டார் என்று நூறு பெயர் கொண்ட நோட்டும் கையில் இருக்கட்டும். அந்த நோட்டு பட்டா ஆகாது. ஆனால் வட்டாட்சியர் முன்னால் வாய்ச்சொல்லைவிட அதற்குக் கனம் அதிகம். "இங்கே யாரையும் புதைத்ததில்லை" என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இறந்த பிறகும் சாதி விடுவதில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிய மண் இது. அந்தச் சுவரை இடிக்கும் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவர்கள் யார் என்று எழுதும் வேலையும் நடக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் மூத்தோருக்குப் படையல் வைப்போம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கிறிஸ்தவ உறவுகள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இரண்டு நாளிலும் குடும்பம் கூடியிருக்கும், பழைய பேச்சு தானாக வரும். மாணவர்களே, அன்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் தெருவில் மிக மூத்த கிழவியிடமிருந்து தொடங்குங்கள். அவருக்கு அடுத்த பொங்கல் நிச்சயமில்லை.