உதிரி உறுப்புகளும் மோட்டார்ச் சந்தை ஆதிக்கமும்

பெங்களூர் சிவாஜிநகரின் சந்துகளில், பழைய கார்களினின்று பிரித்தெடுத்த கியர்ப்பெட்டிகளும் கதவுகளும் ரேடியேட்டர்களும் நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றன. எந்தக் காரின் உறுப்பு இத்தகைய கடைகளில் எளிதில் கிடைக்கிறதோ, அந்தக் காரை நடுத்தரக் குடும்பத்தார் அச்சமின்றி வாங்குவர். பெரிய நிறுவனங்கள் சந்தையில் பெறும் ஆதிக்கத்திற்கு விளம்பரத்தைவிட இதுவே வலுவான காரணம் எனலாம்.

1953-இல் காப்புவரிக் கமிஷன் அளித்த பரிந்துரையை அடுத்து, உள்நாட்டில் உறுப்புகளைத் தயாரிக்கும் திட்டமில்லாத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. எஞ்சிய இந்துஸ்தான், பிரிமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய கம்பெனிகளுக்கு உரிம முறை அரணாயிற்று. கார் வாங்க விரும்பியோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

1981-இல் அரசு நிறுவிய மாருதி உத்யோக், சுசுகியின் 26 சதவீதப் பங்குடன், 1983 டிசம்பரில் தன் முதல் காரை அளித்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வாகனங்கள் என்னும் அளவில் ஆலை திட்டமிடப்பட்டது. வார்ப்பச்சு, இயந்திரங்கள் ஆகியவற்றின் நிலைச் செலவு இவ்வாறு பல கார்களின்மீது பகிரப்படும்போது, ஒரு காருக்கான அடக்கவிலை குறைகிறது. உறுப்புத் தயாரிப்பாளர்களோடு அந்நிறுவனம் கூட்டு முயற்சிகளையும் தொடங்கியது. எரிபொருள் சிக்கன வாகனங்களுக்கான வரிச் சலுகையும் துணை நின்றமையால், இதனைத் தடையற்ற போட்டியின் வெற்றி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 1990-களில் நாட்டில் விற்பனையான கார்களுள் பாதிக்கும் மேற்பட்டவை மாருதியுடையவை.

பந்தயத் துறையும் இதே வழியில் சென்றது. கோவை கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எஞ்சின் மலிவானது, மாற்று உறுப்பும் எங்கும் கிடைக்கும். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதி காரையே. உலக அரங்கிலும், ஃபோர்டின் முதலீட்டில் காஸ்வொர்த் உருவாக்கிய எஞ்சின் 1967-இல் முதல் பந்தயத்திலேயே வென்றது. பின்னர்ப் பல அணிகளுக்கும் விற்கப்பட்டு, 1983-க்குள் அவ்வகை எஞ்சின்கள் 155 வெற்றிகளைக் கண்டன. எந்த அணி வென்றாலும் எஞ்சின்மேல் இருந்த பெயர் ஃபோர்டு என்பதே.

ஆதிக்கத்தைத் தரும் உறுப்பே அதனைக் காக்கும் பூட்டாகவும் ஆகிவிடக்கூடும். அசல் உறுப்புகள், பழுதாய்வுக் கருவிகள், தொழில்நுட்ப விவரங்கள் ஆகியவை தனியார் பணிமனைகளுக்குக் கிட்டாதபடி செய்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. சிவாஜிநகர் மெக்கானிக்கிற்கு அபராதத் தொகையைவிட முக்கியமானவை அந்த ஆணையின் கட்டளைகளே: அசல் உறுப்புகள் வெளிச்சந்தையில் கிடைக்கவேண்டும், வெளிப் பணிமனையில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்திற்காக வாடிக்கையாளரின் உத்தரவாதத்தை முழுவதுமாக ரத்துச் செய்யும் நிபந்தனை கூடாது.